சுழலும் விளம்பர அட்டைப் பெட்டி: ஓட்டிப் பார்த்துக் கற்றவை

விளம்பர அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிக் காட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அது சுழல்வதைத்தான் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெட்டியைக் கழற்றி, மறுபடி கட்டி, நெடுங்காலம் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது அது நிற்கும் விதம். ஓர் அட்டை மாறுவதற்கு அரை நொடி போதும். மீதி நேரமெல்லாம் அந்த அட்டை நேராக, நடுங்காமல், கண்ணுக்கு வாகாக நிற்க வேண்டும். அட்டை மாறும் அசைவு ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனால் விளம்பரம் படிக்கப்படுவது அது நிற்கும் நேரத்தில்தான். இந்தப் பெட்டியில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை சரியாக நிற்காததால் வருபவை.

என்னிடம் வந்தது காத்திருப்போர் கூடம் ஒன்றில் ஓடாமல் கிடந்த மரப்பெட்டி. உள்ளே கிடைமட்டமாக ஒரு தண்டு. அதில் இரண்டு வட்டத் தகடுகள். தகடுகளின் விளிம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் 20 துளைகள். எதிரெதிரான துளைகளில் ஒவ்வோர் அட்டையின் அடிக்கம்பியும் கீல்போல மாட்டப்பட்டிருக்கும். முன்பக்கம் மேலே ஒரு பித்தளை நாக்கு. உச்சிக்கு வந்த அட்டையின் தலை அந்த நாக்கில் சாய்ந்து நிற்கும். தண்டும் தகடுகளும் சேர்ந்த இந்த உருளை ஒரு படி முன்னோக்கித் திரும்பினால் அட்டையின் அடி இறங்கும், தலை நாக்கைவிட்டு நழுவும், அட்டை முன்பக்கமாகக் கவிழ்ந்து பெட்டியின் மறைவான கீழ்ப்பகுதியில் தொங்கும். அதன் பின்னால் காத்திருந்த அட்டை இப்போது நாக்கில் சாயும். பின்பக்கத்தில் வளைந்த தகரம் ஒன்று, மேலேறி வரும் அட்டைகள் பின்னால் சரியாதபடி தாங்கிக்கொள்ளும்.

இந்த அமைப்பில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அட்டை முன்னால் கவிழும்போது அதன் உயரம் முழுவதற்கும் இடம் வேண்டும். அட்டை 150 மி.மீ. உயரமென்றால் கண்ணாடி அதற்கு முன்னால் குறைந்தது 160 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். அதனால்தான் இவ்வகைப் பெட்டிகளில் அட்டைகள் அகலமாகவும் குள்ளமாகவும் இருக்கின்றன. உயரமான அட்டை வேண்டுமென்று கேட்பவர்களுக்குப் பெட்டியின் ஆழத்தை அளந்து காட்டினால் போதும். இன்னொரு விளைவு: கண்ணாடி இவ்வளவு முன்னால் இருப்பதால் எதிரே உள்ள விளக்கு அதில் பிரதிபலித்து எழுத்தை மறைக்கும். கண்ணாடியின் மேல்விளிம்பைச் சற்றே முன்னால் சாய்த்து மாட்டினேன். பிரதிபலிப்பு தரையை நோக்கிப் போய்விட்டது.

பெட்டி வந்தபோது அதன் மோட்டார் உருளையை ஓயாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆக, அட்டைக்கு 9 நொடி. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, கண்ணுக்குச் சரியாக இல்லை. அந்த 9 நொடியும் அட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டும் சாய்ந்துகொண்டும் இருக்கும். படிக்கும் வரி நகர்ந்தால் கண் சலித்துவிடுகிறது. மேலும், எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை அட்டையின் தலைவிளிம்பே முடிவு செய்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் உயரம் கூடினாலோ விளிம்பு சற்று வளைந்தாலோ ஓர் அட்டை முந்தும், இன்னொன்று பிந்தும். பிந்துகிற அட்டைக்குரியவர் மகிழ்வார். அடுத்த அட்டைக்குரியவர் தமக்கான நேரம் குறைகிறதென்று முறையிடுவார். அந்த முறையீடு நியாயமானது.

நின்று நின்று திரும்பும் இயக்கத்துக்குக் கடிகாரக்காரர்கள் பழங்காலத்திலேயே விடை வைத்திருந்தார்கள். ஜெனீவா சக்கரம் என்று பெயர். சுருள்வில்லை அளவுக்கு மீறி முறுக்கிவிடாமல் தடுக்கக் கடிகாரங்களில் வந்தது. பிறகு திரைப்பட இயந்திரங்களில் படச்சுருளை ஒவ்வொரு சட்டமாக நகர்த்த உதவியது. ஓயாமல் சுற்றும் தட்டில் ஒரு முள் இருக்கும். பள்ளங்கள் வெட்டிய சக்கரம் பக்கத்தில் இருக்கும். முள் பள்ளத்தில் நுழைந்து சக்கரத்தை ஒரு படி தள்ளிவிட்டு வெளியேறும். முள் வெளியே இருக்கும் நேரம் முழுவதும் தட்டிலுள்ள பிறை வடிவ மேடு சக்கரத்தைப் பூட்டி வைத்திருக்கும். நான்கு பள்ளச் சக்கரத்தில் தட்டின் ஒரு சுற்றில் 90 பாகை நகர்வு, 270 பாகை ஓய்வு. நான் விரும்புவது அந்த ஓய்வைத்தான்.

நான்கு பள்ளத்தை 20 அட்டையாக்குவது பற்சக்கரத்தின் வேலை. ஜெனீவாவின் தண்டில் 20 பற்கள், உருளையின் தண்டில் 100 பற்கள். ஜெனீவா கால் சுற்று நகர்ந்தால் 5 பல். உருளை 18 பாகை நகரும். 20 படியில் ஒரு முழுச்சுற்று.

சக்கரத்தை வெட்டித் தந்த லேத் பட்டறைக்காரர் மூத்தவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, முள் எங்கே சுற்றுகிறது என்பதைவிடப் பள்ளத்துக்குள் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். நேராக நுழையாவிட்டால் ஒவ்வொரு முறையும் சுத்தியல் அடிதான்” என்றார். அவர் சொன்னதன் கணக்கு எளிது. முள் நுழையும் கணத்தில் அது போகும் திசையும் பள்ளத்தின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு பள்ளத்துக்கு, இரண்டு தண்டுகளின் இடைவெளி 100 மி.மீ. என்றால் முள் 70.7 மி.மீ. ஆரத்தில் சுற்ற வேண்டும். இந்த விகிதத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வேறு எங்கேனும் அரைகுறையாக இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். இது தவறினால் முள்ளும் பள்ளத்தின் வாயும் சேர்ந்தே தேயும். சக்கரத்தை நைலானிலும் முள்ளை எஃகிலும், முள்ளின் மேல் சிறிய உருளையோடும் செய்தால் ஓசை பெரிதும் அடங்கும்.

இத்தோடு முடிந்ததென்று நினைத்துவிட முடியாது. தட்டு 9 நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் நகர்வு இரண்டேகால் நொடி எடுக்கும். அட்டை தயங்கித் தயங்கி விழும். பார்க்கவே பொறுமை போகும். ஆகவே தட்டை வேகமாக, 2 நொடிக்கு ஒரு சுற்று வரும்படி மோட்டாரைத் தேர்ந்தெடுத்தேன். நகர்வு அரை நொடியில் முடிந்துவிடும். ஒரு சுற்று முடிந்ததும் தட்டோடு சேர்ந்து சுற்றும் கேம் என்ற, விளிம்பில் பள்ளம் வெட்டிய வட்டின் பள்ளத்தில் மைக்ரோ சுவிட்சின் நெம்பு விழும், மோட்டார் நிற்கும். 9 நொடிக்கு ஒருமுறை டைமர் அதை மறுபடி எழுப்பும். மின்சாரம் நின்ற பிறகும் மோட்டார் சற்று ஓடித்தான் நிற்கும் என்பது தெரிந்ததே. இங்கே அதனால் கெடுதல் இல்லை. ஓய்வுப் பகுதி 270 பாகை அகலம். கேமின் பள்ளத்தை அதன் நடுவில் வைத்தால் மோட்டார் கொஞ்சம் முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் உருளை அசையாது. விலையுயர்ந்த பிரேக் வைத்த மோட்டார் தேவைப்படாததற்கு இதுதான் காரணம். நடுவில் மின்சாரம் போனாலும் திரும்பி வந்தவுடன் மோட்டார் மிச்சச் சுற்றை முடித்து, அட்டையை உரிய இடத்தில் நிறுத்திவிடும்.

பற்சக்கரங்களுக்கு இடையே எப்போதும் சிறிது தளர்வு இருக்கும். அட்டை விழும் அதிர்ச்சியில் உருளை அந்தத் தளர்வுக்குள் ஆடும்; புதிதாக வந்த அட்டை நடுங்கும். ஜெனீவா பூட்டியிருப்பது தன் தண்டை மட்டுமே. உருளையையும் தனியாகப் பிடிக்க வேண்டும். உருளைத் தகடு ஒன்றில் 20 மென்பள்ளங்கள் வெட்டி, ஸ்பிரிங் இழுக்கும் நெம்பில் ஒரு சிறு பேரிங்கை வைத்து அதில் அமர வைத்தேன். நடுக்கம் நின்றது. முழு வேலையிலும் மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பலன் தந்தது இந்த நெம்புதான். பழைய பெட்டி ஓடுகிறது ஆனால் அட்டை நடுங்குகிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதையே.

இந்த இயந்திரத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. 1880களில் அமெரிக்காவில் சிட்னி என்ற பெயரில் விளம்பரக் கடிகாரங்கள் வந்தன. மேலே நேரம், கீழே விளம்பரம் ஒட்டிய உருளைகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உருளைகள் திரும்பும். நேரம் பார்க்க வருபவர் விளம்பரத்தையும் பார்ப்பார் என்பது எவ்வளவு தெளிவான சிந்தனை! 1890களில் ஹெர்மன் காஸ்லர் உருவாக்கிய மியூட்டோஸ்கோப்பில் ஏறத்தாழ 850 அட்டைகள் ஓர் உருளையில் செருகப்பட்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அட்டைகள் ஒரு நாக்கைத் தாண்டித் தாண்டி விழுந்து அசையும் படமாகத் தெரியும். என் பெட்டியின் பித்தளை நாக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே அட்டை நிற்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது. இங்கே நிற்பது மட்டுமே தெரிய வேண்டும். ரயில் நிலையங்களில் படபடவென்று மாறிய அறிவிப்புப் பலகைகளைச் செய்த இத்தாலியின் சோலாரி நிறுவனம் 1956-ல் பெல்ஜியத்தின் லீஜ் நிலையத்தில் தன் பலகையை வைத்தது. அவற்றில் இதழ் பாதி உயரம்தான். மேல் பாதி விழுந்து கீழ் பாதியாகிவிடும். ஆகவே முன்னால் விட வேண்டிய இடமும் பாதியாகக் குறைகிறது. ஆழமில்லாத பெட்டி வேண்டுபவர்கள் அந்த வழியை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் விளம்பரப் படத்தின் நடுவே ஒரு கோடு ஓடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இனி அட்டைகள். இயந்திரம் சரியான பிறகு தொடர்ந்து தொல்லை தருவது இவைதான். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும்.

காகித அட்டைக்கு இழை ஓட்டம் உண்டு. காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது இழைக்குக் குறுக்கே அது அதிகம் விரியும். இழையின் நீளவாக்கில் மிகக் குறைவாகவே விரியும். நமக்குத் துல்லியம் வேண்டியது கீலிலிருந்து தலைவிளிம்பு வரையுள்ள உயரத்தில். ஆகவே இழை செங்குத்தாக ஓடும்படி அட்டையை வெட்ட வேண்டும். அப்போது அட்டை வளைந்தாலும் இடம் வலமாகக் குழியும். தலை முன்னே பின்னே மடங்காது. நாக்கைவிட்டு நழுவும் கணம் மாறாது. இழையின் திசை தெரியவில்லையென்றால் ஓரத்தில் ஒரு சிறு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் பக்கம்தான் இழை. அல்லது துண்டின் ஒரு முகத்தை நனைத்தால் அது குழலாகச் சுருளும். குழலின் நீளமே இழையின் திசை. அச்சகத்தில் தாளை மிச்சப்படுத்த எண்ணி அட்டையைக் குறுக்கே போட்டு வெட்டிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எழுதியும் கொடுங்கள்.

அச்சடித்த தாளை அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அந்தப் பக்கமாக இழுக்கும். புத்தகம் கட்டுபவர்கள் அறிந்த உண்மை இது. பின்முகத்திலும் அதே கனமுள்ள வெற்றுத்தாளை, அதே பசையில், அதே இழைத் திசையில் ஒட்ட வேண்டும். வார்னிஷ் பூசினாலும் இரு முகத்திலும் பூச வேண்டும். ஒட்டிய பிறகு பாரம் வைத்து முழுவதும் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மாட்டிய அட்டை பெட்டிக்குள்ளேயே வளையும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பிளாஸ்டிக் தகட்டில் அச்சடித்துவிடலாமே என்று கேட்பார்கள். ஈரத்தை அது பொருட்படுத்தாது என்பது சரிதான். ஆனால் வறண்ட காற்றில் இரண்டு பிளாஸ்டிக் அட்டைகள் உரசினால் நிலைமின்சாரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே விழும். நடுவே உள்ளவரின் விளம்பரம் யார் கண்ணிலும் படாமலே போய்விடும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் பின்முகம் சொரசொரப்பான தகட்டைத் தேர்ந்தெடுங்கள். மேல் ஓரங்களில் ஃபெல்ட் என்ற கம்பளித் துணியில் இரண்டு மெல்லிய துண்டுகளை ஒட்டினால் முகமும் முதுகும் முழுதாகப் பொருந்தாமல் விலகி நிற்கும். அந்தத் துண்டுகளைக் காகித அட்டையிலும் ஒட்டலாம். அச்சுத் தேயாமல் காக்கும்.

கீலில் எண்ணெய் விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் விட்ட அன்று அட்டைகள் அருமையாக விழும். பிறகு தூசி அதில் சேர்ந்து பசையாகும். அட்டைகள் பாதியில் தொங்கும். எண்ணெய் அட்டையில் ஊறி அச்சைக் கெடுக்கும். மெருகேற்றிய எஃகுக் கம்பி, அது சுழலத் துளையில் செருகிய நைலான் வளையமான புஷ், இடையே எதுவும் வேண்டாம். ஜெனீவாவின் பள்ளங்களுக்கும் பற்சக்கரத்துக்கும் மட்டும் மெல்லிய கிரீஸ் பூச்சு. விழும் ஓசையைக் குறைக்க, கீழே அட்டை மோதும் இடத்தில் ஃபெல்ட் பட்டை ஒட்டினால் போதும். முழுவதும் ஓசையில்லாமல் செய்துவிட வேண்டாம் என்பது என் எண்ணம். மெல்லிய ‘தட்’ ஓசைதான் தலை குனிந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது. நோயாளிகள் ஓய்வெடுக்கும் இடமானால் பேச்சே வேறு. அங்கே ஓசை அடங்கத்தான் வேண்டும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில் இயந்திரக்காரனுக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நிற்கும் நேரத்தை நிர்ணயிப்பவன் நான். அந்த நேரத்துக்குள் படித்து முடிகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. பெயர்ப்பலகை எழுதுபவர்களிடம் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: 3 மீட்டர் தொலைவிலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து 25 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். 150 மி.மீ. அட்டையில் வரி இடைவெளியோடு மூன்று வரிதான் கொள்ளும். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளை நெருக்க முடியாது. வாசகம் எழுதி வந்தவரிடம் அதை நிதானமாக இருமுறை உரக்கப் படிக்கச் சொல்வேன். எட்டு நொடிக்குள் முடிந்தால் அட்டைக்குப் போகலாம். இல்லையென்றால் வெட்ட வேண்டும். வாதத்தைவிட இந்தச் சோதனை விரைவில் பலன் தருகிறது.

நிறத்திலும் இயந்திரம் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது. வெயிலும் குழல்விளக்கின் புற ஊதாக் கதிரும் பட்டால் சாதாரண அச்சு மையில் மஞ்சளும் செந்நிறமும் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் நிற்கும். சிவப்பில் அச்சடித்த தொலைபேசி எண் மெல்ல மெல்ல மறைந்துபோகும். பெயரும் எண்ணும் கறுப்பில், அழகு எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். பெட்டிக்குள் எல்.இ.டி. பட்டை மாட்டினால் வெளிறுவதும் குறையும், உட்சூடும் குறையும். சூடு குறைந்தால் அட்டை வளைவதும் குறையும்.

அடுக்கும் வரிசையில் இரண்டு கவனம். ஒரே பின்னணி நிறமுள்ள இரண்டு அட்டைகள் அடுத்தடுத்து வந்தால் மாறியதே தெரியாது; வெளிர், அடர் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரே தொழில் செய்யும் இருவரை அடுத்தடுத்து வைக்காமல் உருளையின் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒன்றரை நிமிட இடைவெளி கிடைக்கும். காத்திருப்பவர் மூன்று நிமிடம் இருந்தால்தான் எல்லா அட்டையையும் பார்ப்பார். மக்கள் கடந்துபோகும் நடைவழியில் வைத்தால் ஒருவர் கண்ணில் ஓர் அட்டையோ இரண்டோதான் படும். நடைவழிக்கு இந்த இயந்திரம் பொருந்தாது என்றே விளம்பரம் தர வருபவர்களிடம் சொல்கிறேன். அங்கே ஒற்றைப் பலகையே நேர்மையான ஏற்பாடு.

எல்லா இடமும் நிரம்பாதபோது காலி இடத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. அட்டை இல்லாத படியில் பின்னால் உள்ள அட்டை சாய்வாக எட்டிப் பார்க்கும். எடையும் ஒரு பக்கம் சாயும். பாரமான பாதி இறங்கும்போது உருளை முந்திக்கொண்டு ஓடப் பார்க்கும், ஏறும்போது இழுக்கும்; அந்தச் சுமை முழுவதும் ஜெனீவாவின் முள்மேல் விழும். ஆகவே காலி இடங்களில் அதே எடையுள்ள அட்டையில் பொது அறிவிப்பு, குடிநீர் இருக்கும் திசை, வெளியேறும் வழி என எதையாவது அச்சடித்து மாட்டுங்கள். காத்திருப்பவர்கள் அவற்றைத்தான் மிகுந்த கவனத்தோடு படிக்கிறார்கள். அப்படி நிமிர்ந்த கண் அடுத்து வரும் விளம்பரத்தையும் சேர்த்தே பார்க்கிறது.

திறந்து வேலை பார்க்கும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டே கை வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நின்றிருக்கும் இந்தப் பெட்டி டைமர் அழைத்தவுடன் எச்சரிக்கையில்லாமல் நகரும் இயல்புடையது. பற்சக்கரத்துக்கு இடையே விரல் இருந்தால் அது அறியாது. கதவைத் திறந்தாலே மோட்டார் நிற்கும்படி கதவில் ஒரு சுவிட்ச் வைப்பது நல்லது. இரும்புச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

அட்டை வெட்ட ஒரு தகடு செய்து வைத்திருக்கிறேன்: 300-க்கு 150 மி.மீ. தகரம், கீல் துளைகளின் இடம் குறித்தது, இழைத் திசைக்கு ஓர் அம்பு கீறியது. எந்த அச்சகத்துக்குப் போனாலும் அளவை எழுதிக் கொடுப்பதோடு அந்தத் தகட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். கதவின் உட்புறத்தில் 1 முதல் 20 வரை எண்ணிட்ட ஓர் அட்டவணையும் தொங்குகிறது. எந்த இடத்தில் எந்த அட்டை, எப்போது மாட்டியது என்று அதில் பென்சிலால் எழுதுகிறோம். ஓர் அட்டை தொடர்ந்து பிந்தினால் முதலில் அதைப் பக்கத்து இடத்து அட்டையோடு இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு அட்டையோடு சேர்ந்து நகர்ந்தால் அட்டையைத் தகட்டின்மேல் வைத்து அளக்க வேண்டும். பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் அந்த இடத்தின் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.